புகையானும் பட்டாம்பி நெல்லும்

நெல் ஆராய்ச்சி நிலையங்களில் வலைக்கூண்டுக்குள் ஒரு தட்டு வைத்திருப்பார்கள். சேற்றுமண் நிரப்பிய தட்டு. அதில் வரிசைக்கு ஒரு ரகமாக நெல் முளைத்து நிற்கும். பெரும்பாலானவை இன்னும் பெயர் சூட்டப்படாத, எண் மட்டுமே உள்ள கலப்புகள். இரண்டு வரிசைகள் மட்டும் எந்தத் தட்டிலும் மாறாது. ஒன்று டி.என் 1 என்கிற தைவான் குட்டை ரகம். மற்றது கேரளத்துப் பட்டாம்பியின் பி.டி.பி 33. நாற்றுக்கு ஒரு வாரம் ஆனதும், வேறு செடிகளில் வளர்த்த, புகையான் என்கிற தத்துப்பூச்சியின் குஞ்சுகளைத் தட்டின்மேல் உதறிவிடுவார்கள். நாற்றுக்கு எட்டு அல்லது பத்து என்பது கணக்கு.

அப்புறம் காத்திருப்பதுதான் வேலை. சில நாட்களில் டி.என் 1 வரிசை மஞ்சளடித்துத் துவண்டு, காய்ந்து மடியும். அந்த வரிசையில் நூற்றுக்குத் தொண்ணூறு நாற்று செத்ததும் மதிப்பெண் போடத் தொடங்குவார்கள். ஒரு கீறலும் இல்லாத வரிசைக்குச் சுழியம், முழுதாகச் செத்த வரிசைக்கு ஒன்பது. நம் பள்ளிக்கூடக் கணக்குக்கு நேர் எதிர். குறைந்த மதிப்பெண் வாங்கியதுதான் தேர்ச்சி. டி.என் 1 செத்துக் கிடக்கையில் பி.டி.பி 33 பச்சையாக நிற்கும்.

ஒரே மண், ஒரே தண்ணீர், ஒரே பூச்சி. ஒன்று சாகவும் இன்னொன்று நிற்கவும் எது காரணம் என்ற கேள்விக்கு விடை தேடுவதில் அரை நூற்றாண்டு போயிருக்கிறது.

பூச்சி சிறியது. மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளம், பழுப்பு நிறம். இலையில் தேடினால் கிடைக்காது. குனிந்து தூரைப் பிரித்துப் பார்த்தால், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே அடுக்கடுக்காக ஒட்டியிருக்கும். கை பட்டதும் பக்கவாட்டில் நகர்ந்து செடியின் மறுபுறம் ஒளியும். இளநீருக்குள் உறிஞ்சுகுழல் போடுவதுபோல, இலையுறைக்குள் ஊசிவாயைச் செலுத்திச் சர்க்கரைச் சாறு ஓடும் குழாயைத் தேடிப் பிடித்து உறிஞ்சுகிறது. குடித்ததில் பெரும்பகுதியைத் தித்திப்பான கழிவாகக் கீழே விடுகிறது. அதன்மேல் கரும்பூசணம் படர்கிறது. சாறு வற்றிய பயிர் வயலின் நடுவே வட்டவட்டமாக, தீய்ந்தாற்போல் காய்கிறது. பால் பிடிக்கிற நேரத்தில் இப்படி விழுந்த வட்டத்தில் அறுக்கப் பதர்கூட மிஞ்சுவதில்லை.

இதன் இறக்கை விஷயம் தனிச்சுவை. ஒரே இனத்தில் நீண்ட இறக்கை உடையதும் குட்டை இறக்கை உடையதுமாக இரண்டு உருவங்கள் உண்டு. வயலைத் தேடி முதலில் வருவது நீண்ட இறக்கைக்காரி. இளம்பயிராகக் கிடைத்துவிட்டால் அவள் பிள்ளைகளில் பெரும்பாலோர் குட்டை இறக்கையோடு பிறந்து, பறக்கும் செலவை மிச்சம் பிடித்து முட்டையிடுவதில் இறங்குகிறார்கள். ஒரு பெண்பூச்சி இலையுறையைக் கீறி உள்ளே செருகும் முட்டைகள் நூற்றுக்கும் மேல். ஒரு தலைமுறைக்கு ஏறத்தாழ ஒரு மாதம் போதும். பயிர் முற்றி, நெரிசல் கூடியதும் மறுபடி நீண்ட இறக்கைகள் தோன்றும், காற்றேறிப் புறப்பட்டுவிடும். வடக்கு வியட்நாமிலிருந்து சீனாவுக்கும், அங்கிருந்து கடல் தாண்டி ஜப்பானுக்கும் ஆண்டுதோறும் இவை பருவக்காற்றில் போகின்றன. 1732-இல் மேற்கு ஜப்பானைச் சூறையாடிய பஞ்சத்துக்குத் தத்துப்பூச்சிகள்தாம் காரணம். அந்தக் காலத்து ஜப்பானிய உழவர்கள் வயல்தண்ணீரில் திமிங்கில எண்ணெயை ஊற்றி, பயிரைத் தட்டிப் பூச்சிகளை அதில் விழவைத்தார்கள்.

ஆனால் வெப்பமண்டல ஆசியாவில் 1960கள் வரை புகையான் பெரிய தலைவலியாக இருந்ததில்லை. அதைப் பெரியதாக்கியது நம் விவசாய மாற்றம்தான். பிலிப்பைன்ஸின் லாஸ் பான்யோஸில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1966-இல் ஐ.ஆர் 8-ஐ வெளியிட்டது. குட்டை, நிறையத் தூர், அள்ளிப் போட்ட யூரியாவை ஏற்றுக்கொள்ளும் திடம். நெருக்கமாக நட்ட, தழைச்சத்து ஏறிய, ஆண்டு முழுதும் எங்காவது பச்சையாக நிற்கிற பயிர் புகையானுக்கு விரித்த பந்தி. கூடவே மருந்தடிப்பும் வந்தது. பீட்டர் கென்மோர் என்ற பூச்சியியலாளர் பிலிப்பைன்ஸ் வயல்களில் செய்த ஆய்வு, மருந்தடித்த வயலில்தான் புகையான் பெருகியது என்று காட்டியது. மருந்து, தூரில் திரிந்து புகையானைத் தின்னும் ஓநாய்ச் சிலந்தியையும், முட்டையைத் தேடி உறிஞ்சும் மிரிட் பூச்சியையும் முதலில் கொன்றது; இலையுறைக்குள் பத்திரமாக இருந்த புகையான் முட்டைகள் பொரித்து வெளியே வந்தபோது கேட்பார் இல்லை. 1973-74-இல் குட்டநாட்டு வயல்கள் காய்ந்தன. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, வியட்நாம் எல்லாம் அதே கதை.

இந்த இடத்தில்தான் பழைய நெல்கள் உள்ளே வருகின்றன. விதை வங்கியில் இருந்த ஆயிரக்கணக்கான ரகங்களைத் தட்டில் முளைக்கவைத்துப் பூச்சியை விட்டுப் பார்த்தார்கள். தப்பி நின்றவற்றின் ஊர்களைப் படித்தால் நமக்குக் கொஞ்சம் பெருமை வரும். இந்தியாவின் முட்கோ, கோயம்புத்தூரின் கோ 22, அம்பாசமுத்திரத்தின் ஏ.எஸ்.டி 7, பட்டாம்பியின் பி.டி.பி வரிசை, இலங்கையின் ரத்து ஹீனட்டி, பபவீ. முட்கோவிலும் கோ 22-இலும் இருந்த மரபணுவுக்கு பி.பி.எச் 1 என்றும், ஏ.எஸ்.டி 7-இல் இருந்ததற்கு பி.பி.எச் 2 என்றும் 1971-இல் பெயரிட்டார்கள். ரத்து ஹீனட்டியில் மூன்றாவதும் பபவீயில் நான்காவதும் கிடைத்தன. புகையானை எதிர்க்கும் மரபணுக்களின் பட்டியலில் முதல் நான்கு இடமும் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும்தான்.

திருவள்ளூர் பக்கத்துத் திரூர் நிலையத்தின் டி.கே.எம் 6-க்கு இந்தக் கதையில் ஒரு விசித்திரமான பாத்திரம். அது குருத்துப்பூச்சியைத் தாங்கும் ரகம். அதற்காகத்தான் கலப்பில் சேர்த்தார்கள். நம் வயல்களில் வெகுகாலம் கொடிகட்டிப் பறந்த ஐ.ஆர் 20-க்கு அது ஒரு பெற்றோர். புகையானிடம் டி.கே.எம் 6 தோற்றுப்போகும். ஆனால் அதன் பிள்ளைகளில் சில புகையானை எதிர்த்து நின்றன. ஆராய்ந்தபோது, எதிர்ப்பு மரபணுவும் அதை அடக்கிவைக்கும் இன்னொரு மரபணுவும் அதில் சேர்ந்தே இருந்தது தெரிந்தது. கலப்பில் அடக்கியது ஒரு பக்கம் போக, அடங்கியிருந்தது வெளியே வந்தது. 1973-இல் வெளியான ஐ.ஆர் 26-க்கும் டி.கே.எம் 6 ஒரு பெற்றோர். புகையானைத் தாங்கும் என்று சொல்லி வந்த முதல் ஐ.ஆர் ரகம் அது.

இரண்டு மூன்று ஆண்டுதான் தாங்கியது. பிலிப்பைன்ஸிலும் இந்தோனேசியாவிலும் மைல் கணக்கில் ஐ.ஆர் 26 நின்றது. கோடானுகோடிப் பூச்சிகளில் அதன் சாற்றைக் குடித்தும் பிழைக்கத் தெரிந்தவை எங்கோ சில இருந்தன. மற்றவை செத்தொழிய, அந்தச் சில பெருகின. 1976 வாக்கில் ஐ.ஆர் 26 காய்ந்தது. இனவிருத்தி தோற்றது என்று இதைச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரே ஒரு மரபணுவை அவ்வளவு பரப்பில் விதைத்தது, பூச்சிக்கு நாமே நடத்திக்கொடுத்த தேர்வு.

அதே பி.பி.எச் 1 மரபணு 1985-இல் வந்த ஐ.ஆர் 64-இலும் இருக்கிறது. ஆனால் அது ஐ.ஆர் 26-ஐவிட நெடுநாள் தாக்குப்பிடித்தது. பெரிய மரபணு உடைந்த பிறகும், கூட இருந்த சிறிய மரபணுக்கள் பூச்சியின் பெருக்கத்தை மட்டுப்படுத்தின. தட்டில் பளிச்சென்று சுழியம் வாங்கும் வரிசையைவிட மூன்றோ ஐந்தோ வாங்கித் தாக்குப்பிடிக்கும் வரிசை வயலில் நம்பகமானது என்று அனுபவமுள்ள இனவிருத்தியாளர்கள் சொல்வது இதனால்தான்.

இந்தியாவில் நடந்ததுதான் இன்னும் வேடிக்கை. பி.பி.எச் 1, பி.பி.எச் 2 இரண்டும் இந்த மண்ணிலிருந்து போனவை. இங்குள்ள புகையானோ இரண்டையும் பொருட்படுத்துவதே இல்லை. முட்கோவும் ஏ.எஸ்.டி 7-உம் இந்தியத் தட்டுகளில் செத்துப்போகின்றன. தலைமுறை தலைமுறையாக அந்தச் செடிகளோடு வாழ்ந்த பூச்சி, அவற்றுக்கு எப்போதோ பழகிவிட்டது என்று கொள்ளலாம். பிலிப்பைன்ஸ் பூச்சிக்கு அது புதுச் சரக்கு. எதிர்ப்புத்திறன் செடியில் மட்டும் இருப்பதல்ல. எந்த ஊர்ப் பூச்சி என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். இந்தியாவில் பி.டி.பி 33-உம் ரத்து ஹீனட்டியும் இன்றும் மதிக்கப்படுவது, ஒன்றுக்கு மேற்பட்ட மரபணுக்களைச் சுமப்பதால்.

1976-இல் வந்த ஐ.ஆர் 36 வேறு ரகம். குர்தேவ் சிங் குஷ் தலைமையில் உருவானது. அதன் வம்சாவளியில் ஆறு நாட்டு நெல்கள் உண்டு, பி.டி.பி வழியும் உண்டு. கூடவே ஒரு காட்டு நெல். புகையான் பரப்பும் புல்குட்டை வைரஸுக்கு எதிர்ப்பு தேடி ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சோதித்தும் ஒன்றும் அகப்படாமல், கடைசியில் உத்தரப் பிரதேசத்தில் சேகரித்த ஒரைசா நிவாரா என்ற காட்டு நெல் மாதிரி ஒன்றில்தான் கிடைத்தது. அந்த ஒரு மாதிரியிலும் சில செடிகளில் மட்டும். 1980களில் ஐ.ஆர் 36 உலகில் ஒரு கோடி ஹெக்டேருக்கும் மேல் நின்றது. ஓர் ஓடையோரப் புல்லை யாரோ உறையில் போட்டு எண் எழுதி வைக்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது.

சரி, செடிக்குள் என்னதான் நடக்கிறது? ஆய்வுக்கூடத்தில் இதைப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. புரோமோகிரசால் பச்சை என்ற சாயத்தில் வடிதாளை நனைத்து உலர்த்தி, செடியின் அடியில் வைத்து, மேலே சில பூச்சிகளைக் கிண்ணத்தால் மூடி ஒரு நாள் விட்டுவிடுவார்கள். பூச்சி சர்க்கரைச் சாற்றைக் குடித்துக் கழிக்கும் ஒவ்வொரு துளியும் தாளில் நீலப் பொட்டாகப் பதியும். டி.என் 1-இன் தாள் நீலமாகவே மாறிவிடும். எதிர்ப்பு ரகத்தின் தாளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொட்டு. ஆக, பூச்சி செடியில் ஊசியைக் குத்தியிருக்கிறது, குடிக்க முடியவில்லை.

காரணத்தை 2009-இல் சீனாவின் வூஹான் பல்கலைக்கழகத்தினர் காட்டினார்கள். ஒரு காட்டு நெல்லிலிருந்து வந்த பி.பி.எச் 14 மரபணுவை முதன்முதலாகத் தனியே பிரித்தெடுத்தார்கள். அது காவல்காரப் புரதம் ஒன்றைச் செய்யச் சொல்லும் மரபணு. பூச்சி குத்தும்போது அதன் எச்சில் செடிக்குள் இறங்குகிறது. எச்சிலில் உள்ள ஒரு புரதத்தை இந்தக் காவல்காரன் அடையாளம் கண்டதும், செடி சாற்றுக்குழாய்களின் சல்லடைத் துளைகளில் காலோஸ் என்ற பசைப்பொருளைப் படியவைத்து அடைக்கிறது. சாதாரண ரகத்திலும் இந்த அடைப்பு விழும். அங்கே நொதிகள் அதைக் கரைத்துவிட, பூச்சி குடித்துக்கொண்டே இருக்கும். எதிர்ப்பு ரகத்தில் அடைப்பு நிற்கிறது, பூச்சி பட்டினி கிடக்கிறது. ரத்து ஹீனட்டியின் பி.பி.எச் 3 ஒற்றை மரபணு அல்ல, பக்கத்துப் பக்கத்தில் அமர்ந்த மூன்றின் கூட்டம் என்று 2015-இல் தெரிந்தது.

மரபணுவின் முகவரி தெரிந்ததால் இனவிருத்தியாளரின் வேலை மாறிவிட்டது. முன்பெல்லாம் ஒவ்வொரு தலைமுறையையும் பூச்சியிடம் விட்டுப் பார்க்க வேண்டும். ஒரு செடியில் இரண்டு எதிர்ப்பு மரபணு இருந்தாலும் ஒன்று இருந்தாலும் பூச்சியின் தீர்ப்பு ஒன்றுபோலவே வரும், வேறுபாடு தெரியாது. இப்போது நாற்றின் இலை நுனியைக் கிள்ளி டி.என்.ஏ எடுத்து, மரபணுவுக்கு அருகிலுள்ள அடையாளத்தைப் பெருக்கிப் பார்த்தால் போதும். வேண்டிய இரண்டு மூன்றையும் சேர்த்துச் சுமக்கும் நாற்றை நட்டு, மற்றதைப் பிடுங்கி எறியலாம். சாம்பா மசூரி என்கிற பி.பி.டி 5204-இல் பாக்டீரியா இலைக்கருகலுக்கு எதிராக மூன்று மரபணுக்களை ஐதராபாத் நிலையங்கள் இப்படித்தான் ஏற்றி, 2008-இல் வெளியிட்டன. இதில் அயல் மரபணு எதுவும் திணிக்கப்படவில்லை. கலப்பும் தேர்வும்தான், தேர்வுக்கு மட்டும் கண் கூர்மையானது.

மரபணு மாற்றம் இந்தப் பூச்சியிடம் அதிகம் சாதிக்கவில்லை. பருத்தியில் போட்ட பி.டி நஞ்சு புழுவின் குடலுக்கானது. சாறு உறிஞ்சும் புகையானைக் கட்டுப்படுத்த அது உதவாது. மரபணுத் திருத்தம் வேறு வாசலைத் திறக்கிறது. நம் மூளையில் சுரக்கும் செரடோனினை நெற்பயிரும் தயாரிக்கிறது. அதைத் தயாரிக்கும் மரபணு ஒன்றை முடக்கியபோது புகையானும் குருத்துப்பூச்சியும் செடியில் சரியாக வளரவில்லை என்று 2018-இல் சீன ஆய்வாளர்கள் எழுதினார்கள். புதிதாக ஒன்றைச் சேர்க்காமல், பூச்சிக்கு உதவுகிற ஒன்றை நிறுத்தும் வழி இது. அயல் மரபணு சேராத திருத்தப் பயிர்களுக்கு இந்திய அரசு 2022-இல் விதிகளைத் தளர்த்தியது. செரடோனின் குறைந்த நெல் மற்ற நோய்களிடம் எப்படி நடந்துகொள்ளும் என்பதை வயலில் பல பருவம் பார்க்காமல் நான் கொண்டாட மாட்டேன்.

1986-இல் இந்தோனேசியா செய்ததை இங்கே சொல்லியாக வேண்டும். மருந்தடித்தும் புகையான் அடங்காமல் போக, அதிபரின் ஆணையால் நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகள் தடை செய்யப்பட்டன. மருந்துக்குக் கொடுத்த மானியமும் படிப்படியாக நின்றது. பயிர் அழிந்துவிடவில்லை. தாங்கும் ரகமும் சிலந்தியும் சேர்ந்தே வேலை செய்தன. ஓரளவு தாங்கும் ரகத்தில் பூச்சி மெதுவாகப் பெருகுவதால் சிலந்தி அதை எட்டிப் பிடித்துவிடுகிறது.

இதுவரை நாற்பதுக்கு மேற்பட்ட புகையான் எதிர்ப்பு மரபணுக்களுக்கு எண் கொடுத்திருக்கிறார்கள். உழவர் கைக்கு வந்தவை சில. ரத்து ஹீனட்டி சிவப்பரிசி, பி.டி.பி 33 உயரமாக வளர்ந்து சாயும் பழைய ரகம். கலக்கும்போது வேண்டிய மரபணுவோடு பக்கத்தில் இருக்கும் வேண்டாத குணங்களும் ஒட்டிக்கொண்டு வரும். அவற்றைக் கழிக்க ஆறேழு தலைமுறை திரும்பத் திரும்பக் கலக்க வேண்டும். கடைசியில் அரிசி சன்னமாக இருக்க வேண்டும், ஆலையில் உடையக் கூடாது, மறுநாள் பழையதாகவும் ருசிக்க வேண்டும். ஐ.ஆர் 8-ஐ நம் வீடுகள் கைவிட்டது புகையானால் மட்டுமல்ல. அது கொட்டை அரிசி.