நிலம் மூத்ததா, கடல் மூத்ததா?

உடையார்கட்டுக் குளக்கட்டில் நின்று கிழக்கே நோக்கும் ஒருவருக்குக் கடல் தென்படுவதில்லை. பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் நெடுவீதி அவ்வூரைக் கடந்து, புதுக்குடியிருப்பையும் தாண்டிய பின்னரே கடற்காற்று முகத்திற் படும். வயலும் காடும் குளமுமாக வாழும் ஊர் அது. ஆயினும், "ஆதியிற் கடலே இருந்தது, அதனின்று நிலம் எழுந்தது" என்ற எண்ணம் அங்குள்ளோர்க்கும் உண்டு, நமக்கும் உண்டு. கடலின் நீர் மிகப் பழையது என்பது மெய்யே. ஆனால் அந்நீரைத் தாங்கி நிற்கும் தரையின் வயது என்ன? உடையார்கட்டின் மண்ணுக்குக் கீழுள்ள கல்லின் வயது என்ன? இவ்விரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால் நமது எண்ணம் தலைகீழாகிவிடுகிறது.

யாழ்ப்பாணக் குடாநாட்டிற் கிணறு வெட்டுவோர் சுண்ணாம்புக்கல்லைக் காண்பர்; வன்னியின் உட்பகுதியில் வெட்டுவோர் கருங்கல்லில் முட்டுவர். புத்தளத்திலிருந்து பரந்தன் பக்கமாக வந்து முல்லைத்தீவை நோக்கி ஒரு கோடு கீறினால், அதற்கு வடமேற்கே இருப்பது கடலடியிற் படிந்து இறுகிய சுண்ணாம்புக்கல். தென்கிழக்கே இருப்பது பழம்பாறை. உடையார்கட்டு இவ்வெல்லைக்கு அணித்தாகவே உள்ளது. அப்பழம்பாறை ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் பூமியின் ஆழத்தில் வெந்தும் நெருக்குண்டும் இன்றைய உருவைப் பெற்றது. அதன் மூலப்பொருளோ நூறு கோடி ஆண்டளவு பழமையுடையது.

இலங்கைப் பாறைகளை முறையாக ஆராய்ந்த முன்னோடிகளுள் ஒருவர் ஆனந்த குமாரசுவாமி என்பதை நம் மாணவரிற் பலர் அறியார். பிற்காலத்திற் கலைகளின் பெருமையை உலகுக்கு எடுத்துரைத்த அப்பெரியார், 1903 முதல் 1906 வரை இந்நாட்டின் கனிப்பொருளாய்வுப் பகுதிக்குத் தலைவராக விளங்கினார். அவர் இங்கு ஆராய்ந்த பாறைகளுட் 'சார்னோக்கைற்று' என்பதும் ஒன்று. சென்னைக்கு அருகிலுள்ள பரங்கிமலையிற் கிடைக்கும் கல் அது. கல்கத்தாவில் யோப் சார்னொக் என்னும் ஆங்கிலேயரின் கல்லறை அக்கல்லால் அமைந்திருந்தமையின், தோமஸ் ஹொலண்ட் என்ற அறிஞர் 1893இல் அப்பெயரைச் சூட்டினார். இறந்தவரின் கல்லறை ஒரு பாறைக்குப் பெயர் கொடுத்தது விந்தையே. அதனினும் பெரிய விந்தை, அதே இனத்துப் பாறைகள் பனிமூடிய அந்தாட்டிக்காவின் கிழக்குக் கரையிலும் காணப்படுவதாகும். பரங்கிமலைக்கும் பனிக்கண்டத்துக்கும் யாது உறவு?

உறவு உண்டு. ஒருகாலத்தில் இந்தியா, இலங்கை, மடகாஸ்கர், ஆபிரிக்கா, அவுஸ்திரேலியா, அந்தாட்டிக்கா யாவும் ஒரே பெருநிலமாக ஒட்டிக் கிடந்தன. நடு இந்தியாவில் வாழும் கோண்டு மக்களின் நாட்டுப் பெயரால் அறிஞர் அதனைக் கொண்டுவானா என்பர். ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் இந்தியாவும் இலங்கையும் அந்தாட்டிக்காவை விட்டுப் பிரியத் தொடங்கின. பிளந்த இடத்திற் கீழிருந்து பாறைக்குழம்பு எழுந்து உறைந்தது, மீண்டும் பிளந்தது, மீண்டும் உறைந்தது. இவ்வாறு உறைந்து உறைந்து அகன்றதே முல்லைத்தீவுக்குக் கிழக்கேயுள்ள வங்கக் கடலின் அடித்தளம். ஆகவே அதன் வயது 13 கோடிக்கு மேற்படாது. நிலத்துப் பாறையின் வயதில் அது நாலில் ஒரு பங்கும் இல்லை. உலகெங்கும் இதுவே நிலை. பூமிக்கு வயது 454 கோடி ஆண்டுகள். ஆனால் இன்றுள்ள பெருங்கடல்களின் தரையில் 20 கோடி ஆண்டுக்கு மூத்த பகுதியைத் தேடிக் காண்பது அரிது.

கண்டங்கள் நகர்கின்றன என்று 1912இல் முதன்முதல் வலியுறுத்திக் கூறிய ஜேர்மானியர் அல்பிரட் வெகனரை அக்காலத்து அறிஞர் பலர் எள்ளி நகையாடினர். எந்த விசை அவற்றைத் தள்ளுகிறது என்ற வினாவுக்கு அவரால் விடையளிக்க இயலவில்லை. 1930இல் கிறீன்லாந்துப் பனிவெளியில் அவர் உயிர் நீத்தார். விடை நிலத்தில் இல்லை, கடலடியில் இருந்தது.

நம் மீனவர் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி ஆழம் பார்ப்பதுண்டு. இருபதாம் நூற்றாண்டுக் கப்பல்கள் கயிற்றுக்குப் பதிலாக ஒலியை இறக்கின. எதிரொலி திரும்பும் நேரத்தைக் கொண்டு ஆழத்தைக் கணித்தன. அவ்வாறு கிடைத்த இலக்கங்களை அமெரிக்காவில் மேரி தார்ப் என்ற பெண்மணி மேசையிலிருந்து படமாக வரைந்தார். பெண் என்பதால் ஆய்வுக் கப்பலில் ஏற அவருக்கு அக்காலத்தில் அனுமதி இல்லை! அத்திலாந்திக் சமுத்திரத்தின் நடுவே ஓடும் மலைத்தொடரின் உச்சியில் நெடுகிலும் ஒரு பிளவு செல்வதை 1950களின் தொடக்கத்தில் அவர் கண்டார். உடன் உழைத்த புறூஸ் ஹீசன் அதனைப் 'பெண்பிள்ளைப் பேச்சு' என்று முதலில் ஒதுக்கினார். பின்னர் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. பூமி பிளந்து புதுத்தரை பிறக்கும் வாயில் அதுவே.

இதற்கு உறுதியான சான்று நம் அயற்கடலிலேயே கிடைத்தது என்பது நாம் பெருமையோடு நினைக்கத்தக்கது. அரபிக் கடலின் அடியிற் 'கால்ஸ்பேர்க்' என்னும் மலைத்தொடர் ஒன்று உண்டு. டென்மார்க்கின் 'டானா' என்ற ஆய்வுக் கப்பல் 1928-30இல் மேற்கொண்ட பயணத்தில் அதனைக் கண்டது. மதுவடிசாலை ஒன்றின் அறநிதியம் அப்பயணத்துக்கு உதவியமையின் மலைக்கும் அப்பெயர் வாய்த்தது. 1962இற் பிரித்தானிய அளவைக் கப்பலான 'ஓவன்' அதன்மேல் ஊர்ந்து சென்று கடற்றரையின் காந்தத் தன்மையை அளந்தது. கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிறெட் வைன், டிறமண்ட் மத்தியூஸ் ஆகிய இருவரும் அவ்வளவைகளை ஆராய்ந்து 1963இல் தம் முடிபை வெளியிட்டனர்.

அம்முடிபு இது. பாறைக்குழம்பு உறையும்போது அதிலுள்ள நுண்ணிய இரும்புத் துகள்கள் அக்காலத்துக் காந்த வடக்கைக் காட்டியபடியே இறுகிவிடுகின்றன. பூமியின் காந்தமோ இடையிடையே வடக்குத் தெற்காகவும் தெற்கு வடக்காகவும் மாறிவிடும். இறுதியாக அது மாறியது ஏறத்தாழ 7 இலட்சத்து 80 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர். ஆகவே பிளவின் இருமருங்கும் நேர்த்திசையும் எதிர்த்திசையுமாக வரிகள் மாறிமாறி அமைகின்றன. நடுவிலிருந்து தொடங்கி இரு பக்கமும் ஒரே ஒழுங்கிற் சாய ஓலை வைத்துப் பின்னிய பாயை நினைத்துக்கொள்க. அப்பாய் இன்னும் பின்னப்பட்டு வருகிறது. கால்ஸ்பேர்க் மலையில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ இரண்டு மூன்று சென்ரிமீற்றர் அகலம்.

இங்கே இலெமூரியாவைப் பற்றி ஒரு சொல். மடகாஸ்கருக்கும் இந்தியாவுக்கும் இடையே ஒரு கண்டம் அமிழ்ந்தது என 1864இல் பிலிப் ஸ்கிளேற்றர் என்ற ஆங்கிலேயர் கருதினார். தேவாங்கை ஒத்த இலெமூர் என்னும் விலங்கினத்தின் தொடர்புகளை விளக்கவே அவர் அவ்வாறு ஊகித்தார். நம்மவர் அதனைக் குமரிக்கண்டத்தோடு இணைத்துப் போற்றினர். ஆனால் அக்கடலின் அடியைத் துருவிப் பார்த்தாயிற்று. செய்செல்ஸ் போன்ற சிறு துண்டுகள் தவிர அங்கு இருப்பது மெல்லிய, இளமையான கடற்றரையே. நிலங்கள் அமிழவில்லை, விலகின. எனினும் கடல்கோள் பற்றிய பழஞ்செய்திகளை நாம் முற்றாகத் தள்ளவேண்டியதில்லை. 20,000 ஆண்டுகளுக்கு முன்னர்க் கடல்மட்டம் இன்றையிலும் ஏறத்தாழ 120 மீற்றர் தாழ்ந்திருந்தது. அன்று மன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்குக் கால் நனையாமலே நடந்திருக்கலாம். அந்நிலத்தைப் பின்னர்க் கடல் கொண்டது.

பிறப்பதெல்லாம் பெருகிக்கொண்டே போனால் பூமி வீங்கவேண்டுமன்றோ? அது நிகழாமைக்குக் காரணம், கடற்றரை ஓரிடத்திற் பிறப்பதுபோலவே வேறோரிடத்தில் இறக்கின்றமையாம். இலங்கையும் வங்கக் கடலின் தரையும் ஒரே தகட்டின் பகுதிகள். அத்தகடு ஆண்டுக்கு ஏறத்தாழ ஐந்து சென்ரிமீற்றர் வடகிழக்கே செல்கிறது. உடையார்கட்டு வளவில் இன்று நட்ட தென்னம்பிள்ளை முப்பது வயதை அடையும்போது, வளவோடும் வேலியோடும் ஒன்றரை மீற்றர் பயணம் செய்திருக்கும். அத்தகட்டின் கீழ்த்திசை விளிம்பு அந்தமான், நிக்கோபார், சுமாத்திராத் தீவுகளுக்கு மேற்கேயுள்ள ஆழ்கடல் அகழியிற் கீழே புகுந்து மறைகிறது. புகும்போது வழுக்கிச் செல்வதில்லை. மேலுள்ள தகட்டைக் கௌவிப் பிடித்துப் பல நூற்றாண்டுகள் அழுத்திக்கொண்டிருந்து திடீரென விடுகிறது.

2004 டிசம்பர் 26ஆம் நாட் காலையில் அவ்வாறே விட்டது. பத்து நிமிட அளவில் 1,300 கிலோமீற்றர் நீளத்துக்கு விளிம்பு முறிந்தது. நிலநடுக்கத்தின் அளவு 9.1. கடற்றரை மேலெழுந்தபோது அதன்மேலிருந்த நீர்த்தூண் முழுவதும் எழுந்தது. முல்லைத்தீவுப் பட்டினமும் அதனை அடுத்த கரையூர்களும் அழிந்தன, ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அலை உடையார்கட்டை எட்டவில்லை, செய்தி எட்டியது. (2009இல் அவ்வூரே பட்ட துயர் வேறு, அது இக்கட்டுரைக்கு அடங்காது.)

2012 ஏப்ரல் 11இல் சுமாத்திராவுக்கு மேற்கே 8.6 அளவான நடுக்கம் மீண்டும் நிகழ்ந்தபோது, எச்சரிக்கை கேட்டுக் கரையூரவர் மேட்டுநிலம் நோக்கி ஓடினர், பேரலை வரவில்லை. ஓடியது வீண் என்று அலுத்துக்கொண்டோரும் உளர். அன்று பாறைகள் மேலும் கீழுமாகப் பெயரவில்லை, பக்கவாட்டில் உராய்ந்தன. ஆகவே நீர் உயரவில்லை. நடுங்கிய கணத்தில் இவ்வேறுபாட்டை எவரும் உணர்ந்துகொள்ள இயலாது. கருவிகள் அளந்து சொல்லவேண்டும். இந்து சமுத்திரத்துக்கென எச்சரிக்கை அமைப்பு உருவானது 2004க்குப் பின்னரே. அகழியிலிருந்து முல்லைத்தீவுக் கரையை அடையப் பேரலைக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் செல்லும். 2004இலும் அந்த இரண்டு மணி நேரம் கரையில் இருந்தோர்க்கு இருந்தது. வந்து சொல்ல ஒருவரும் இருக்கவில்லை.