குழந்தையின் கையில் முதல் துப்பாக்கி

“அம்மா! எனக்கு ஒரு துப்பாக்கி வாங்கித் தருவாயா?”

காப்பி டம்ளரும் கையுமாக நின்ற எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கேட்டது தீபாவளித் துப்பாக்கி அல்ல. கேட்டவளும் கடைத்தெருவில் அடம் பிடிக்கும் வயதுக் குழந்தை அல்ல. 11 வயதுப் பெண். 2024-ஆம் வருஷம் ஜூலை மாதக் கடைசியில், பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் வெண்கலப் பதக்கம் வாங்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்தாள் அல்லவா? துப்பாக்கி சுடுவதில் ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவர்தான். அன்றையிலிருந்து என் மகளுக்கு வேறு நினைவே இல்லை.

என் கணவருக்கு ஒரே உற்சாகம். “நாளைக்கே வாங்கிவிட்டால் போகிறது!” என்றார்.

என் மாமியார் மட்டும் ஒன்றும் பேசவில்லை. இரவு சாப்பாடெல்லாம் ஆன பிறகு என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஒரு விஷயம் சொன்னார். அவர் சிறுமியாக இருந்தபோது அவருடைய அண்ணாவிடம் ஒரு காற்றுத் துப்பாக்கி இருந்ததாம். ஒரு நாள் மாங்காயைக் குறி பார்த்துச் சுட்டார். ரவை மாங்காயில் படவில்லை. கிணற்றடி இரும்புத் தூணில் பட்டுத் திரும்பிவந்து, வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்ற அடுத்த வீட்டுப் பையனின் கண்ணில் பாய்ந்துவிட்டது. அந்தக் கண் போனது போனதுதான்.

“அந்தப் பையனுக்குக் கல்யாணம் ஆகிப் பேரன் பேத்தியும் எடுத்துவிட்டான். ஆனால் அவனை எங்கே பார்த்தாலும் எங்கள் அண்ணா தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவான். நீயே யோசித்துக்கொள், அம்மா” என்றார்.

சகோதரிகளே, இந்தக் கட்டுரையை நான் எழுதுவதற்கு அந்த மாமரத்தடிச் சம்பவம்தான் காரணம். உங்கள் வீட்டுப் பெண்ணோ பிள்ளையோ நாளைக்கு இதே கேள்வியைக் கேட்கலாம். வேண்டாம் என்று ஒரேயடியாக மறுப்பதும் சுலபம். கடைக்குப் போய் வாங்கிவிடுவதும் சுலபம். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. அதை நாங்கள் தட்டுத் தடுமாறித்தான் கண்டுபிடித்தோம்.

எது முதல் துப்பாக்கி?

துப்பாக்கி என்றால் எல்லாம் ஒன்று என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. அதே பாரிஸில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கியது .22 ரைபிளில். அதில் மருந்து நிரப்பிய தோட்டா வெடிக்கிறது. இலக்கு 50 மீட்டர் தள்ளி இருக்கிறது. தவறிப் போகும் குண்டு ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் போகக்கூடும். இந்தியாவில் அதற்கு லைசென்ஸ் கட்டாயம். கல்லூரியில் என்.சி.சி.யில் சேர்ந்திருந்த சகோதரிகளுக்கு .22 ரைபிள் பழைய சிநேகிதியாக இருக்கும். சிட்னி ஒலிம்பிக்கில், 2000-ஆம் வருஷம், இறுதிச் சுற்று வரை போன அஞ்சலி பாகவத்தும் என்.சி.சி. மூலம் துப்பாக்கி பிடித்தவர்தான்.

ஆனால் நம் குழந்தைகள் ஆரம்பிக்க வேண்டியது .22 அல்ல, காற்று ரைபிள். இதில் மருந்தும் இல்லை, வெடியும் இல்லை. அமுக்கப்பட்ட காற்று ஒரு சிறிய ஈய ரவையைத் தள்ளுகிறது. (ரவை என்றதும் உப்புமா நினைவு வருகிறதா? எனக்கும் அப்படித்தான்! ஆனால் இது 4.5 மில்லிமீட்டர் கனமுள்ள ஈயத் துண்டு. அரை கிராம்தான் எடை.) இலக்கு 10 மீட்டர் தூரம். நடுவில் இருக்கும் பத்து மதிப்பெண் புள்ளி எவ்வளவு பெரியது தெரியுமா? அரை மில்லிமீட்டர்! கடுகுகூட அதைவிடப் பெரியது.

அபினவ் பிந்திரா 2008-இல் பெய்ஜிங்கில் தங்கம் வாங்கியதும், சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012-இல் லண்டனில் வெண்கலம் வாங்கியதும் இந்தக் காற்று ரைபிளில்தான். கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பையில் தங்கம் வாங்கியதும் இதில்தான்.

கடையில் நடந்த கூத்து

என் கணவர் பொறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை எங்களைக் கடைக்கு அழைத்துக்கொண்டு போனார். கடைக்காரர் குழலை மடித்துச் சுடும் ரகம் ஒன்றை எடுத்து வைத்தார். மேலே தூரதரிசினிக் கண்ணாடி, பளபளவென்று கறுப்பு நிறம். “சக்தி அதிகம், சார்!” என்றார். என் கணவர் முகம் மலர்ந்தது.

“குழந்தை ஒரு தடவை மடித்துப் பார்க்கட்டும்” என்றேன் நான்.

என் பெண் இரண்டு கையாலும் முக்கி முனகிப் பார்த்தாள். குழல் அசையவில்லை. உள்ளே இருக்கும் இரும்புச் சுருள்வில்லை அமுக்க அவ்வளவு பலம் வேண்டும். பாதியில் கை நழுவினால் குழல் படீரென்று திரும்பி விரலை நசுக்கிவிடும். தவிர, இந்த ரகத்தில் விசையை அழுத்தியதும் வில் பாய்ந்து துப்பாக்கியே ஒரு குலுக்குக் குலுக்கும். புதிதாகப் பழகும் குழந்தை அந்தக் குலுக்கலுக்குப் பயந்து, சுடும் சமயத்தில் கண்ணை மூடிக்கொள்ளும். ஒரு முறை அந்தப் பழக்கம் வந்தால் விடுவது கஷ்டம்.

வெறுங்கையோடு வீடு திரும்பினோம். மறுவாரம் எங்கள் ஊர் ரைபிள் கிளப்பைத் தேடிப் போனோம். அங்கே பயிற்சி அளிக்கும் அம்மாள் முதலில் சொன்ன வார்த்தை எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

“ஆறு மாதத்துக்குத் துப்பாக்கி வாங்காதீர்கள். கிளப் துப்பாக்கியில் சுடட்டும். எது வாங்குவது என்று அப்புறம் குழந்தையின் உடம்பே சொல்லும்.”

உடம்பு சொன்ன சேதிகள்

முதல் சேதி, நீளம். முழங்கையை மடித்து, துப்பாக்கியின் அடிக்கட்டையை முழங்கையின் உள்வளைவில் வையுங்கள். ஆள்காட்டி விரலின் முதல் கணு விசையைச் சிரமமில்லாமல் தொட வேண்டும். எட்டவில்லை என்றால் கட்டை நீளம். பெரியவர்கள் துப்பாக்கியைக் குழந்தைக்குக் கொடுப்பது அப்பாவின் செருப்பைப் போட்டுக்கொண்டு ஓடச் சொல்வதுபோல. கட்டையைக் கூட்டிக் குறைக்க வசதியுள்ள சிறுவர் ரகங்கள் இருக்கின்றன. வளர வளரத் தள்ளி வைத்துக்கொள்ளலாம். பள்ளிக்கூடச் சீருடைப் பாவாடையில் நாம் மடிப்பு விட்டுத் தைப்பதில்லையா, அந்த மாதிரி.

இரண்டாவது, எடை. பந்தய விதிப்படி காற்று ரைபிள் 5½ கிலோ வரை இருக்கலாம். சிறுவர் ரகங்கள் 3½ அல்லது 4 கிலோவில் கிடைக்கின்றன. அதையும் ஆரம்பத்தில் குழந்தை கையில் தாங்கக் கூடாது. முன்பக்கத்தை ஒரு தாங்கியின் மேல் வைத்துச் சுடச் செய்தார்கள். பளுவைத் தாங்குகிறேன் என்று முதுகை வில்லாக வளைத்து நின்றால் இடுப்பு வலிதான் மிச்சம்.

மூன்றாவது சேதிதான் எங்களுக்கு ஆச்சரியம். துரோணர் அர்ஜுனனிடம் “என்ன தெரிகிறது?” என்று கேட்டார் அல்லவா? பயிற்சி அம்மாளும் அதைத்தான் கேட்டார். இதை நீங்களே வீட்டில் செய்து பார்க்கலாம். இரண்டு கைகளையும் நேரே நீட்டி, பெருவிரல்களையும் ஆள்காட்டி விரல்களையும் சேர்த்து நடுவில் ஒரு சின்னச் சன்னல் உண்டாக்குங்கள். இரண்டு கண்ணையும் திறந்தபடி அந்தச் சன்னல் வழியாகச் சுவர்க் கடிகாரத்தைப் பாருங்கள். இப்போது இடது கண்ணை மட்டும் மூடுங்கள். கடிகாரம் அப்படியே தெரிந்தால் வலது கண்தான் எஜமான். கடிகாரம் மறைந்துவிட்டால் இடது கண் எஜமான்.

என் பெண் எழுதுவதும் சாப்பிடுவதும் வலது கையால். ஆனால் எஜமான் இடது கண்! அதனால் சிலருக்கு இடது கண்ணுக்கு முன்னால் சின்ன மறைப்பு வைத்து வலது தோளிலேயே பழக்குவார்களாம். சிலரை இடது தோளுக்கு மாற்றுவார்களாம். இவளை ஒரு மாதம் இரண்டு விதமாகவும் சுடச் சொன்னார்கள். இடது தோள்தான் இயல்பாகப் பொருந்தியது. கைப்பிடியும் கன்னக்கட்டையும் ஒரு பக்கத்துக்கென்றே செதுக்கப்பட்டவை. அந்த ஞாயிற்றுக்கிழமையே வாங்கியிருந்தால் பணம் அத்தனையும் தண்டம்!

வாங்கும்போது

ஆறு மாதம் எட்டு மாதமாயிற்று. அவளுடைய ஆசை குறையவில்லை. அப்புறம்தான் வாங்க முடிவு செய்தோம்.

சுருள்வில் ரகம் வேண்டாம். உருளையில் காற்று அடைத்த ரகமே நல்லது என்றார்கள். அதில் குலுக்கல் மிகக் குறைவு. ரவை போடக் குழந்தையின் பலமே போதும். ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு ரவை போடும் துப்பாக்கியாக இருக்கட்டும். தூரதரிசினிக் கண்ணாடி வேண்டாம். பந்தயத்தில் அதற்கு அனுமதி கிடையாது. சின்னத் துவாரத்தின் வழியே பார்த்து, வளையத்துக்குள் வளையமாகக் கறுப்பு வட்டத்தைப் பொருத்திக் குறி வைப்பதுதான் முறை. விசை மிக லேசாக இருப்பது தேர்ந்தவர்களுக்குச் சரி; பழகும் விரலுக்குக் கொஞ்சம் கெட்டியாகத் திருகி வைக்கச் சொல்லுங்கள்.

ஜெர்மனி, ஆஸ்திரியா நாட்டுப் பந்தயத் துப்பாக்கிகளின் விலை லட்சக்கணக்கில் போகிறது. ஆகவே பழையது வாங்கலாமா என்று யாருக்கும் தோன்றும். எங்களுக்கும் ஒருவர் சகாய விலைக்குத் தர முன்வந்தார். பயிற்சி அம்மாள் துப்பாக்கியைக் கையில் வாங்கியதும் முதலில் பார்த்தது காற்று உருளையில் பொறித்திருந்த வருஷத்தை. உருளைக்கு ஆயுள் 10 வருஷம். அதற்கோ 13 வருஷம் ஆகியிருந்தது! மோட்டார் டயரில் இருப்பதைப்போல ஏறக்குறைய நூறு மடங்கு அழுத்தம் உள்ள காற்று அதற்குள் அடைபட்டிருக்கிறது. அதைக் குழந்தை கன்னத்துக்கு அருகில் வைத்துக்கொள்வதாவது! உருளை புதிதாக மாற்றிக் கொடுத்தால்தான் வாங்குவோம் என்றோம். அவர் சம்மதிக்கவில்லை, நாங்களும் வாங்கவில்லை. வேறொரு குடும்பத்தில் வளர்ந்துவிட்ட ஒரு பையனுடைய இடது கைச் சிறுவர் ரைபிள், புது உருளையோடு கிடைத்தது.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். இந்தியாவில் 2016-ஆம் வருஷத்து ஆயுத விதிகளின்படி, .177 துவாரத்துக்கோ 20 ஜூல் சக்திக்கோ மேற்பட்ட காற்றுத் துப்பாக்கிகளுக்கு லைசென்ஸ் வேண்டும். பந்தயக் காற்று ரைபிளின் சக்தி சுமார் 7½ ஜூல்தான். ஆனால் லைசென்ஸ் வேண்டாம் என்பதால் அது விளையாட்டுச் சாமான் ஆகிவிடாது. கண்ணைக் கெடுக்க அந்தச் சக்தி தாராளமாகப் போதும். மாமரத்தடியில் நடந்ததை மறக்காதீர்கள்.

எங்கள் வீட்டுச் சட்டம்

துப்பாக்கி வீட்டுக்கு வருவதற்கு முன்பே சில விதிகளை எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டினோம். உங்களுக்கும் உபயோகப்படலாம்.

துப்பாக்கியில் ரவை இருக்கிறது என்றே எப்போதும் நினைத்துக்கொள். வெறும் துப்பாக்கி என்று ஒன்று கிடையாது. சுட விரும்பாத எதன் பக்கமும் குழலைத் திருப்பாதே. குறி வைத்து முடிக்கும் வரையில் விரல் விசையைத் தொடக் கூடாது. இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார். காக்கையும் அணிலும் இலக்கல்ல. அட்டை மட்டுமே இலக்கு. சுடும் இடத்தில் எல்லாருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி. ரவையை வாயில் கவ்வக் கூடாது. அது ஈயம், விஷம். சுட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் பட்சணத்தைத் தொடக் கூடாது.

துப்பாக்கி ஒரு பெட்டியில், ரவை வேறொரு பெட்டியில், இரண்டுக்கும் பூட்டு. வீட்டில் ரவை போட்டுச் சுடுவதே கிடையாது. பந்தய ரைபிள்களில் ரவையும் காற்றும் இல்லாமல் விசையை மட்டும் அழுத்திப் பழகும் வசதி உண்டு. வெள்ளைச் சுவரைப் பார்த்து, நாங்கள் ஒருவர் அருகில் இருக்க, தினமும் 20 நிமிஷம் அந்தப் பயிற்சி மட்டும். (சுருள்வில் ரகத்தில் ரவை இல்லாமல் விசையை அழுத்தினால் உள்பாகம் கெட்டுவிடும். அது வேண்டாம் என்றதற்கு இதுவும் ஒரு காரணம்.)

சாவி யாரிடம் என்று கேட்கிறீர்களா? என் மாமியாரிடம்! “பயப்படுகிறவள் கையில்தான் சாவி இருக்க வேண்டும்” என்று அவரே வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். கிளப்பிலிருந்து திரும்பியதும் மீதி ரவையைப் பாட்டி முன்னால் எண்ணிக் காட்டிவிட்டுத்தான் என் பெண் காப்பி குடிப்பாள்.

போன விடுமுறையில் என் அண்ணா பிள்ளைகள் வந்திருந்தார்கள். பெரியவன் விடவே இல்லை. “ஒரே ஒரு தடவை காட்டேன். கையில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கொடுத்துவிடுகிறேன். பாட்டிதான் தூங்குகிறாரே!” என்று கெஞ்சினான்.

சாவி தலையணைக்குப் பக்கத்தில் கண்ணுக்கு நேரே கிடந்தது. சமையலறையில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“ஞாயிற்றுக்கிழமை கிளப்புக்கு வா. அங்கே கண்ணாடி மாட்டிக்கொண்டு பிடித்துப் பார்க்கலாம். இங்கே முடியாது” என்றாள் என் பெண். அவன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டான். அவள் மசியவில்லை.

என் மாமியார் தூங்கவே இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. சாயங்காலம் பூத் தொடுத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்:

“எங்கள் அண்ணாவுக்கும் யாராவது இப்படிச் சொல்லிக் கொடுத்திருக்கலாம்.”