ஊழியர் பயிற்சியும் இணையவழிக் கற்றல் குழுக்களும்

கிராம முன்னேற்றம் திட்டங்களால் மட்டும் கைகூடுவதன்று. அவற்றை நிறைவேற்றும் ஊழியர்களின் திறமையைப் பொறுத்தே அது அமைகிறது. 1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் நமது நாட்டில் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பெற்ற காலத்திலேயே இவ்வுண்மை உணரப்பட்டு, கிராம சேவகர்களுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. ஆயினும், பயிற்சி முடித்து ஊர் திரும்பிய ஊழியருக்குப் பின்னர் ஐயம் எழுந்தால் அவர் யாரைக் கேட்பது? 2018-ஆம் ஆண்டில் படைப்புழு நம் மக்காச்சோள வயல்களில் புகுந்தபோது, பழைய பாடங்களில் அதற்கு இடமில்லை. வயலோ அடுத்த பயிற்சி வரை காத்திராது.

இக்குறையைப் போக்கும் வழிகளுள் ஒன்று இணையவழிக் கற்றல் குழு. ஒரே வகைப் பணி புரிவோர் தத்தம் ஊரில் இருந்தவாறே, குறித்த நாளில் கணினி அல்லது கைபேசி வழியே கூடி, தாம் கண்ட சிக்கல்களை எடுத்துரைத்து, ஒருவரிடமிருந்து மற்றவர் கற்றுக்கொள்ளும் ஏற்பாடே இது.

இதன் பயனுக்கு அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலம் நல்ல எடுத்துக்காட்டாகும். அங்கே 'ஹெப்படைட்டிஸ் சி' என்னும் கல்லீரல் நோயால் பலர் வருந்தினர். அந்நாளைய மருந்துகள் கடுமையான பக்க விளைவுகள் உடையவை. ஆதலின் கிராமப்புற மருத்துவர்கள் அவற்றைக் கொடுக்கத் தயங்கினர். பல்கலைக்கழக மருத்துவமனையிலோ எட்டு மாதங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. அங்குப் பணியாற்றிய சஞ்சீவ் அரோரா என்ற மருத்துவர் 2003-ஆம் ஆண்டில் 'எக்கோ' என்னும் திட்டத்தைத் தொடங்கினார். வாரந்தோறும் கிராம மருத்துவர்கள் காணொலி வழியே நிபுணர்களுடன் கூடினர். தம் நோயாளியின் பெயரைக் கூறாமல் நிலைமையை மட்டும் விவரித்து, அனைவரும் கலந்து ஆராய்ந்தனர்.

விளைவு யாது? 407 நோயாளிகளைப் பற்றிய ஆய்வு 2011-இல் வெளியாயிற்று. பல்கலைக்கழக மருத்துவமனையில் 57.5 சதவிகிதத்தினரிடமும், கிராம மருத்துவ நிலையங்களிலும் சிறைகளிலும் 58.2 சதவிகிதத்தினரிடமும் நோய்க்கிருமி நீங்கியிருந்தது. நோயாளி நகருக்குச் செல்லவில்லை. நகரின் அறிவு கிராமத்திற்குச் சென்றது!

இவ்வெற்றிக்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, கற்கும் பாடம் ஊழியரின் சொந்த வேலையிலிருந்தே எழுகிறது. இரண்டாவது, ஒருவர் கேட்கும் கேள்வியால் அனைவரும் பயன் பெறுகின்றனர். மூன்றாவது, கூட்டம் ஒரு முறையுடன் முடியாமல் தொடர்ந்து நடைபெறுவதால், சொன்ன யோசனை பலித்ததா இல்லையா என்பதும் அடுத்த வாரமே தெரிந்துவிடுகிறது.

நமது நாட்டிலும், பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் இம்முறையில் பயிற்சி அளித்துள்ளது. அரசு ஊழியர்களின் திறனை வளர்க்க 2020 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை 'மிஷன் கர்மயோகி' திட்டத்திற்கு ஒப்புதல் வழங்கியது. அதன் வாயிலாக இணையவழிப் பாடங்கள் கிடைக்கின்றன. எனினும், பாடத்தை ஓடவிட்டுச் சான்றிதழ் பெறுவது ஒன்று. பிறரோடு கலந்து கற்பது வேறொன்று. முன்னதே போதுமென்று நாம் அமைந்துவிடலாகாது.

இங்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. மேலதிகாரி கண்டிப்பார் என்று அஞ்சும் ஊழியர் தம் அறியாமையை வெளியிடமாட்டார். தவற்றைக் கூறியவரைத் தண்டிக்கும் இடத்தில் கற்றல் குழு பெயரளவிலேயே நிற்கும்.

ஆகவே பஞ்சாயத்து உறுப்பினர்கள் செய்யத்தக்கவை சில உண்டு. வாரத்தில் ஒரு மணி நேரத்தை ஊழியரின் கற்றலுக்கென ஒதுக்கி, அந்நேரத்தில் வேறு வேலை சுமத்தாதிருத்தல் வேண்டும். பஞ்சாயத்து அலுவலகத்தில் அமைதியான இடமும் இணைய வசதியும் தருதல் நலம். கற்றதைக் கிராம சபையில் எடுத்துரைக்குமாறு ஊழியரைக் கேட்டுக்கொள்ளலாம். விவசாயிகளும் தம் வயலில் கண்ட புதிய பூச்சியையும் நோயையும் உடனே அவரிடம் தெரிவிப்பார்களாயின், அதுவே அடுத்த வாரத்துப் பாடமாகும்.

"எனக்குத் தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறேன்" என்று ஓர் ஊழியர் கூறினால், அதை இழுக்காக எண்ணாதிருப்போம். கேட்பதற்கு அவருக்கு ஓர் இடம் அமைத்துக் கொடுப்பது நம் கடமையாகும்.