கட்டிங் வேஸ்ட்டில் பொறியியல் படிக்கலாம்

திருப்பூரில் எந்தப் பனியன் கம்பெனிக்குப் போனாலும் கட்டிங் வேஸ்ட் மூட்டை இருக்கும். அதிலிருந்து இரண்டு கைப்பிடித் துணி பள்ளிக்கு வந்தால் போதும், மாணவர்கள் பொறியியலைக் கையால் செய்தே கற்கலாம்.

அதற்கான இடமும் பள்ளியில் இருக்கிறது. 2022 நவம்பர் 28 அன்று தமிழக அரசு தொடங்கிய வானவில் மன்றம், அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8ஆம் வகுப்பு வரை அறிவியலையும் கணிதத்தையும் செய்து பார்த்துக் கற்க வைக்கும் திட்டம். திருப்பூர்ப் பள்ளிகளில் அந்தச் சோதனைகளோடு நம் ஊர்த் துணியும் சேர வேண்டும்.

முதல் சோதனை, ஜிஎஸ்எம். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதே அந்த அளவு. கம்பெனிகளில் இதற்கென வட்ட வடிவ கட்டர் உண்டு. அது வெட்டும் துண்டின் பரப்பு 100 சதுர செ.மீ. பள்ளியில் ஸ்கேல் வைத்து 10 செ.மீ. சதுரம் வெட்டினாலும் அதே பரப்புதான். அதன் எடையை 100ஆல் பெருக்கினால் ஜிஎஸ்எம். 180 ஜிஎஸ்எம் துணியில் ஒரு துண்டு 1.8 கிராம்தான் இருக்கும். சமையலறைத் தராசு அதைச் சரியாகக் காட்டாது. பத்துத் துண்டுகளைச் சேர்த்து நிறுத்தால் 18 கிராம். கையில் உள்ள கருவியின் குறையை உணர்ந்து அளக்கும் முறையை மாற்றுவதே பொறியியலின் அரிச்சுவடி.

அடுத்து, சிங்கிள் ஜெர்ஸி துணியை வெட்டி மேசையில் வைத்தால் ஓரம் தானாகச் சுருளும். ரிப் துணி சுருளாது. ஜெர்ஸியில் நூல் வளையங்கள் எல்லாம் ஒரே பக்கமாக இழுக்கப்பட்டிருக்கின்றன. ரிப்பில் அவை முன்னும் பின்னுமாக மாறி மாறி வருவதால், ஒரு பக்கத்து இழுப்பை மறுபக்கம் ஈடுசெய்கிறது. இரண்டிலும் ஒரே அளவில், அகலவாக்கில் ஒரு பட்டையும் நீளவாக்கில் ஒரு பட்டையும் வெட்டித் தொங்கவிட்டு, எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி நீட்சியைக் குறிக்கலாம். எடையை எடுத்ததும் பட்டை பழைய நீளத்துக்குத் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். பனியன் கழுத்துக்கு ஏன் ரிப் வைக்கிறார்கள் என்பதற்கு மாணவர் வரைந்த வரைபடமே பதில் சொல்லும்.

மூன்றாவது சோதனை, சாயக் கழிவு கலந்த நொய்யல் ஆற்றைப் பற்றியது. தண்ணீரில் நனைந்த பருத்தியும் சாயமும் எதிர்மின் தன்மை கொண்டவை; ஒன்றையொன்று விலக்கும். அந்த விலக்கத்தைத் தணித்துச் சாயத்தைத் துணியில் ஏற்றவே சாயப்பட்டறைகள் உப்பைக் கொட்டுகின்றன. சாயக் கழிவுநீருக்கு மாதிரியாக, ஒரு டம்ளர் நீரில் ஒரு ஸ்பூன் உப்பும் சில சொட்டு உணவு வண்ணமும் கலந்து, கரித்தூள், மணல் வழியாக வடிகட்டலாம். நிறம் மங்கும். உப்பு போனதா? 9 வோல்ட் பேட்டரி, 470 ஓம் ரெசிஸ்டர், சிவப்பு எல்இடி ஆகியவற்றை வரிசையாக இணைத்து, இரு கம்பி முனைகளை வடிகட்டிய நீரில் வைத்தால் விளக்கு எரியும். உப்பு அங்கேயே இருக்கிறது. அந்த நீரைத் தட்டில் ஊற்றி வெயிலில் காய வைத்தால் உப்பு கண்ணுக்கே தெரியும்.

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதன் பின்னணியும் இதுதான். நிறத்தை நீக்கினால் மட்டும் ஆறு பிழைக்காது. உப்பையும் பிரிக்க வேண்டும். அதனால்தான் ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறக் கூடாது என்ற விதியின்படி, சவ்வு வழியாக நீரை அழுத்திப் பிரித்து, எஞ்சும் உப்புக் கரைசலைக் கொதிக்க வைத்து ஆவியாக்குகிறார்கள். அதற்கு எவ்வளவு மின்சாரமும் விறகும் செலவாகும் என்று கணக்கிடுவது மேல் வகுப்புகளுக்கு உகந்த வேலை.

இந்த மாணவர்களில் பலரின் பெற்றோர் நிட்டிங்கிலும் கட்டிங்கிலும் செக்கிங்கிலும் வேலை செய்பவர்கள். துணியைத் தொட்டதுமே அதன் கனத்தைச் சொல்லிவிடுவார்கள். அந்தக் கைத்திறனைப் பிள்ளைகள் எண்ணால் அளந்து பார்க்கும்போது, தம் வீட்டில் நடப்பதும் பொறியியல்தான் என்று அறிவார்கள். கம்பெனிகள் பள்ளிக்கு ஒரு மூட்டை வேஸ்ட்டும் பழைய கட்டர் ஒன்றும் கொடுத்தால், அடுத்த வாரமே இதைத் தொடங்கிவிடலாம்.