இரைப்பையைச் சுருக்கும் சிகிச்சை

மிகப் பருத்த பிள்ளையைப் “பெருந்தீனிக்காரன்” என்று பிறர் நகைத்ததை என் ஆசிரியப் பணியில் பலகால் கேட்டிருக்கிறேன். கடும் உடற்பருமன் ஒரு நோய். பரம்பரையும் அதற்கு ஒரு காரணம்.

உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் மருந்தும் போதாதபோது அறுவை சிகிச்சை பற்றி மருத்துவர் ஆராய்வர். இரைப்பையில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை நீக்கி, எஞ்சியதைக் குழல்போல் அமைப்பது ஒரு முறை. பசியைத் தூண்டும் ஹார்மோனும் அதனால் குறைகிறது.

அமெரிக்காவில் இத்தகைய சிகிச்சைகள் பெற்ற 242 இளையோரை மூன்றாண்டுகள் கவனித்து, 2016-இல் முடிவுகளை வெளியிட்டனர். சராசரியாக எடை 27 விழுக்காடு குறைந்தது. நீரிழிவுற்றிருந்தோரில் மிகப் பலருக்கு அது தணிந்தது. ஆயினும் பாதிப்பேருக்கு மேல் இரும்புச்சத்துக் குறைவு காணப்பட்டது. ஆகவே ஆயுள் முழுதும் சத்து மருந்தும் மருத்துவர் மேற்பார்வையும் வேண்டும்.

அத்தகைய தோழனை விளையாட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவன் உண்ணும் கவளத்தை எண்ணாதீர்கள்.