பினாங்கு தனியாகப் போயிருந்தால்?

"1965-இல் சிங்கப்பூர் போன மாதிரி பினாங்கும் போயிருந்தால் இன்று நாம் எங்கேயோ இருந்திருப்போம்." பல்கலைக்கழக உணவகத்தில், மாமாக் கடையில், தைப்பூசத்துக்கு வரும் சிங்கப்பூர் உறவினர்கள் வாயில் என்று இந்தப் பேச்சை நான் கேட்காத மாதம் இல்லை. அடுத்த ஆண்டு பட்டம் முடிந்ததும் சிங்கப்பூரில் வேலை தேடுவதா, இங்கேயே இருப்பதா என்று நானே யோசித்துக்கொண்டிருப்பதால், இதை வெறும் அரட்டையாக விட்டுவிட முடியவில்லை.

பினாங்கு உண்மையிலேயே பிரியப் பார்த்தது என்பது என் நண்பர்கள் பலருக்குத் தெரியாது. 1948 பிப்ரவரி 1-ஆம் தேதி மலாயா கூட்டரசு உருவானபோது, அதுவரை பிரிட்டிஷ் காலனியாக இருந்த பினாங்கும் அதில் சேர்க்கப்பட்டது. பிரான்சிஸ் லைட் 1786-இல் வந்த காலத்திலிருந்து வரியில்லாத் துறைமுகமாகப் பிழைத்த ஊர் இது. அந்தச் சலுகை பறிபோகுமோ, கோலாலம்பூரில் நம் குரல் எடுபடுமோ என்ற பயத்தில் ஐரோப்பிய, சீன, இந்திய, யுரேஷிய வணிகர்கள் கூடி, அந்த ஆண்டு டிசம்பரில் ஒரு பிரிவினைக் குழுவை அமைத்தார்கள். 1949 பிப்ரவரியில் பினாங்கு மன்றத்தில் தீர்மானம் வந்தது. ஆதரவு 10, எதிர்ப்பு 15. லண்டனுக்கு மனு அனுப்பினார்கள். 1951-இல் அதுவும் மறுக்கப்பட்டது.

அவர்கள் பயந்தது நடக்கவும் செய்தது. 1969-இல் வரியில்லாத் துறைமுகம் என்ற தகுதி போனது. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய என் தாத்தா போன்றவர்களுக்கு அது அரசியல் இல்லை, அடுப்பெரியும் விஷயம். அதே காலத்தில் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானது. பெர்மிட் கிடைக்காத தமிழர்கள் பலர் இதே துறைமுகத்தில் ரஜூலா கப்பல் ஏறி நாகப்பட்டினம் திரும்பினார்கள். குடியுரிமை வாங்கி வைத்திருந்ததால் தாத்தா தப்பினார். அவருடன் வேலை பார்த்தவர்கள் எல்லாரும் தப்பவில்லை.

ஆனால் பினாங்கின் இன்றைய வளர்ச்சி தொடங்கியது அந்த இழப்புக்குப் பிறகுதான். 1969-இல் முதலமைச்சரான லிம் சோங் இயூ, வெளிநாட்டுத் தொழிற்சாலைகளைத் தேடிப் போனார். 1972-இல் பாயான் லெப்பாஸில் வரியில்லாத் தொழில் வட்டாரம் வந்தது. இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையைத் திறந்தது இங்கேதான். தாத்தாவின் வேலை குறைந்த வீட்டில், பாட்டி சம்பளக் கவர் கொண்டுவர ஆரம்பித்தார். அவருடைய வரிசையில் உட்கார்ந்து வேலை செய்த பெண்களில் கெடாவிலிருந்தும் பேராவிலிருந்தும் வந்தவர்கள் நிறைய. பினாங்கு தனி நாடாகியிருந்தால் அவர்கள் எல்லாரும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள்! நாம் குடிக்கும் தண்ணீரின் பெரும்பகுதி கெடாவிலிருந்து ஓடிவரும் மூடா ஆற்றில்தான் எடுக்கப்படுகிறது. பேராக் ஈயமும் கெடா ரப்பரும் இல்லாமல் அன்றைய துறைமுகத்துக்கே என்ன வேலை இருந்திருக்கும்?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இங்குள்ள தொழிற்சாலைகள் கட்டும் வருமான வரியும் சுங்க வரியும் கூட்டரசுக்குப் போகின்றன. மாநிலத்துக்குப் பெரும்பாலும் நில வரி போன்றவைதான். சிங்கப்பூரோ தன் வரியைத் தானே செலவழிக்கிறது. தமிழுக்கும் அங்கே ஆட்சிமொழித் தகுதி இருக்கிறது. ஆனால் தமிழில் கணக்கும் அறிவியலும் சொல்லித்தரும் பள்ளி அங்கே இன்று ஒன்றுகூட இல்லை. பினாங்கில் மட்டும் 28 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றில் ஒன்றில் படித்து, பிறகு தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனவள் நான். இதை எந்தத் தட்டில் வைப்பது என்று பொருளாதாரம் படிக்கும் என் தோழிக்கும் தெரியவில்லை.

இப்படி எடைபோடும்போது எனக்கு அதிகம் உறுத்துவது வேறு ஒன்று. பிரிவினை மனு மறுக்கப்பட்ட அதே 1951-இல், டிசம்பர் மாதம், ஜார்ஜ்டவுன் மக்கள் தங்கள் நகராட்சி உறுப்பினர்களைத் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள். போருக்குப் பிந்திய மலாயாவில் அதுதான் முதல் தேர்தல். 1957-இல் ஜார்ஜ்டவுன் மாநகரமானபோது அதன் முதல் மேயர் டி.எஸ். ராமநாதன், பழைய ஸ்காட் சாலை இன்று அவர் பெயரில் இருக்கிறது. 1965-இல் இந்தோனேசியாவுடன் மோதல் நடந்த நேரத்தில் ஊராட்சித் தேர்தல்கள் நாடு முழுவதும் நிறுத்தப்பட்டன. மோதல் அடுத்த ஆண்டே முடிந்தது, தேர்தல் திரும்பவில்லை. பினாங்கு மாநிலம் 2012-இல் சட்டம் இயற்றி அதை மீட்கப் பார்த்தது. 2014-இல் கூட்டரசு நீதிமன்றம் அந்த முயற்சியை நிராகரித்தது.

18 வயதிலேயே நாடாளுமன்றத்துக்கு வாக்களிக்கும் உரிமை என் தலைமுறைக்குக் கிடைத்திருக்கிறது. ஆனால் என் தெருவில் வடிகால் அடைத்தால், பழைய கடைவீடு ஒன்று ஹோட்டலாக மாறி வாடகைக்காரர்கள் வெளியேறினால், அதற்குப் பொறுப்பான மாநகர் மன்ற உறுப்பினர் நான் தேர்ந்தெடுத்தவர் இல்லை. மாநில அரசு நியமித்தவர். சிங்கப்பூராக ஆகியிருக்கலாமே என்று ஏங்கும் நண்பர்களிடம் இப்போதெல்லாம் ராமநாதன் யார் தெரியுமா என்றுதான் கேட்கிறேன். அந்தச் சாலையில் தினமும் மோட்டார் ஓட்டிப் போகிறவர்கள்கூட உதட்டைப் பிதுக்குகிறார்கள்.