வண்டிக்குள் ஒரு சின்னக் காவலாளி



பியூஸைப் பற்றியும் பற்றரியைப் பற்றியும் எழுத இந்த மௌலவிக்கு என்ன வேலை என்று நீங்கள் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். பாடசாலையில் மாணவர்களுக்கு ஓதிக்கொடுப்பது என் தொழில், வண்டி திருத்துவதல்ல. ஆனால் ஓர் இரவு திருக்கேதீஸ்வரத்துக்குத் திரும்பும் சந்திக்கு அருகே நடுவீதியில் நின்று நான் கற்ற பாடம் எந்தக் கிதாபிலும் நான் ஓதாதது. அதை உங்களிடம் சொல்லாமல் வைத்திருப்பது அமானிதத்தை மறைப்பது போலாகும்.

2014ஆம் ஆண்டு. புத்தளத்தில் இருந்த எங்களுக்கு எருக்கலம்பிட்டியிலிருந்து இரவில் செய்தி வந்தது. பெரியும்மா மௌத்தாகிவிட்டார். காலையில் நல்லடக்கம். 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கற்பிட்டிக் கரையில் வந்திறங்கிய படகொன்றில் என்னை மடியில் வைத்திருந்தவர் அவர். ஊர் திரும்பிப் போய் வாழவேண்டும் என்று கடைசிவரை ஆசைப்பட்டு, அப்படியே போய், சொந்த மண்ணில் கண்ணை மூடினார். அந்த ஜனாஸாவுக்குப் போகாமல் இருக்க முடியுமா?

என் மருமகனின் பழைய வானில் புறப்பட்டோம். உம்மா, மனைவி, தங்கை, மூன்று பிள்ளைகள், நான். அநுராதபுரம் தாண்டி மதவாச்சியை அடைந்தபோது முன்விளக்குகள் இரண்டும் அணைந்துவிட்டன. பியூஸ் எரிந்திருந்தது. மாற்றுவதற்கு வேறொன்று இல்லை.

“மாமா, விடியட்டும். கடை திறந்ததும் வாங்கிப் போடுவம்” என்றான் மருமகன்.

நான்தான் அவசரப்பட்டேன். “ஜனாஸா காத்திருக்காது மகன். எப்படியாவது ஒன்று செய்” என்றேன். அவன் மனமில்லாமல், தேநீர்க்கடையில் கிடந்த சிகரட் பெட்டியின் வெள்ளித்தாளை எடுத்து எரிந்த பியூஸில் சுற்றிச் செருகினான். விளக்கு எரிந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிப் பயணத்தைத் தொடர்ந்தோம்.

செட்டிகுளம் போயிற்று, முருங்கன் போயிற்று. உயிலங்குளமும் தாண்டிவிட்டோம். இன்னும் சற்றுத் தூரத்தில் பாலம், அதற்கப்பால் மன்னார். அப்போதுதான் பிளாஸ்டிக் கருகும் நாற்றம் வந்தது. அடுத்த நிமிடம் ஸ்டீரிங்குக்குக் கீழிருந்து புகை. பிள்ளைகள் அலறினார்கள். வானை நிறுத்தி எல்லோரையும் இறக்கினோம். சாவியைக் கழற்றியும் புகை நிற்கவில்லை. முன்விளக்குக் கம்பிக்குப் பற்றரியிலிருந்து மின் நேரே வந்துகொண்டிருந்தது. அதைத் துண்டிக்க எங்களிடம் ஒரு ஸ்பானர்கூட இல்லை.

சத்தம் கேட்டு அருகிலிருந்த வீட்டிலிருந்து ஒரு பெரியவர் ஓடிவந்தார். நெற்றியில் திருநீறு. உழவு மெசின் திருத்துகிறவராம். கையோடு கொண்டுவந்த ஸ்பானரால் பற்றரியின் கறுப்புக் கம்பியைக் கழற்றினார். புகை அடங்கியது. உம்மாவுக்குத் தண்ணீர் கொடுத்து, திண்ணையில் பாய் விரித்து உட்காரவைத்தார் அவருடைய மனைவி. பிறகு அந்தப் பெரியவர் கம்பிகளைப் பார்த்துவிட்டு, என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: “தம்பி, இது உங்களக் காப்பாத்தத்தான் எரிஞ்சது. நீங்கள் அதின்ர வாயக் கட்டிப்போட்டியள்.”

எலி ஒன்று முன்விளக்குக் கம்பியைக் கடித்திருந்தது. கம்பி வண்டியின் இரும்பில் உராய்ந்திருக்கிறது. அதனால்தான் மதவாச்சியில் பியூஸ் எரிந்தது. அது எங்களுக்குச் சொன்ன எச்சரிக்கையை நாங்கள் வெள்ளித்தாளால் மூடிவிட்டோம். ஓட்டோ பிடித்து நாங்கள் எருக்கலம்பிட்டி போய்ச் சேர்ந்தபோது பெரியும்மாவை அடக்கி முடித்திருந்தார்கள். மதவாச்சியில் கடை திறக்கும்வரை பொறுத்திருந்தால் பாதுகாப்பாகப் போயிருப்போம். அவசரப்பட்டு, ஜனாஸாவையும் இழந்தோம், பிள்ளைகளையும் இழந்திருப்போம். அல்லாஹ் காப்பாற்றினான்.

எலியும் திரியும்

மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு, உள்ளே ஆட்கள் இருக்கும்போதே தீப்பற்றியது. அச்செய்தி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு எட்டியபோது, நெருப்பு மனிதருக்குப் பகை என்பதையும் உறங்கப்போகுமுன் அதை அணைத்துவிட வேண்டும் என்பதையும் எடுத்துரைத்தார்கள். எலி விளக்குத்திரியை இழுத்துச்சென்று வீட்டாரோடு வீட்டை எரித்துவிடக்கூடும் என்றும் எச்சரித்தார்கள். புகாரியில் பதிவான இந்த ஹதீஸ்களை எத்தனை தடவை வகுப்பில் விளக்கியிருப்பேன்! அந்தத் திரி இன்று செப்புக் கம்பியாக நம் வண்டிக்குள் ஓடுகிறது என்பது எனக்கு உறைக்கவில்லை. ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டுத் தவக்குல் பேசியவரிடம், முதலில் அதைக் கட்டும்படி சொன்னார்களே நபியவர்கள், அதையும் நான் அன்று மறந்துவிட்டேன்.

பியூஸ் என்றால் என்ன?

உங்கள் பிள்ளைகளின் விஞ்ஞானப் புத்தகத்தில் ‘உருகி’ என்று இருப்பது இதுதான். அளவுக்கு மிஞ்சிய மின் ஓடினால், கம்பி கொதித்துத் தீப்பிடிக்குமுன் தான் உருகி அறுந்து மின்னைத் துண்டித்துவிடும். வீட்டாரைக் காக்கத் தன் உயிரைக் கொடுக்கும் காவலாளி அது.

இப்போதைய வாகனங்களில் பெரும்பாலும் இரண்டு பியூஸ் பெட்டிகள் இருக்கும். ஒன்று ஸ்டீரிங்குக்குக் கீழே, மற்றது இயந்திரத்தின் பக்கத்தில். எந்தப் பியூஸ் எதற்குரியது என்பது பெரும்பாலும் மூடியின் உட்புறத்தில் வரைந்திருக்கும். தட்டையான பியூஸ்களை நிறம் பார்த்தே அறியலாம்: பழுப்பு 7.5 அம்பியர், சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, நிறமற்றது 25, பச்சை 30.

மூன்று விடயங்களை மனதில் வையுங்கள். முதலாவது, எரிந்த பியூஸுக்குப் பதில் அதே அம்பியர் பியூஸையே போடவேண்டும். 10 இருந்த இடத்தில் 20 போட்டால் பியூஸ் எரியாது, கம்பி எரியும். இரண்டாவது, வெள்ளித்தாள், செப்புக்கம்பி, ஊசி எதையும் ஒரு நிமிடத்துக்குக்கூட வைக்கக்கூடாது. மூன்றாவது, புதிதாகப் போட்ட பியூஸும் உடனே எரிந்தால் இன்னொன்று போட்டுப் பார்க்காதீர்கள்; எங்கோ கம்பி பழுதாகியிருக்கிறது, வேலை தெரிந்தவரிடம் காட்டுங்கள். மாற்றும்போது சாவியைக் கழற்றிவிட்டு, பெட்டியிலுள்ள சிறு பிளாஸ்டிக் இடுக்கியால் பிடுங்குங்கள். ஒவ்வொரு அம்பியரிலும் இரண்டு பியூஸ் வண்டியில் எப்போதும் இருக்கட்டும்.

பிள்ளைகள் வண்டிக்குள் சிந்தும் பிஸ்கட் தூளே எலிக்கு விருந்து. பயணம் முடிந்ததும் கூட்டித் துடைத்துவிடுங்கள்.

பற்றரி எனும் பொறுப்பு

1990களில் வடபகுதி மக்களுக்குப் பற்றரியின் அருமை தெரியும். பொருளாதாரத் தடையில் பற்றரியும் அடங்கியிருந்தது. மின்சாரம் இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். பெட்ரோல் இன்றிப் பழைய கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். புத்தளத்தில் ஓலைக்கொட்டில்களில் அகதிகளாக இருந்த எங்களுக்கும் ஒரு பழைய கார்ப் பற்றரிதான் விளக்குக் கொடுத்தது. அதைத் தூக்கிய உம்மாவின் சேலையில் சிலநாள் கழித்து ஓட்டை ஓட்டையாக விழுந்தது. உள்ளே இருப்பது சல்பூரிக்கமிலம் என்று அப்போது எங்களுக்கு யார் சொன்னார்கள்?

1859இல் பிரான்ஸ் நாட்டு கஸ்தோன் பிளான்ரே கண்டுபிடித்த ஈய அமிலப் பற்றரியின் வழிவந்ததுதான் இன்றும் பெரும்பாலான கார்களில் இருப்பது. ஆறு அறைகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2 வோல்ட், மொத்தம் 12 வோல்ட். முழுமையாகச் சார்ஜ் ஏறி ஓய்ந்திருக்கும் பற்றரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். 12.4க்குக் கீழே போனால் சார்ஜ் கேட்கிறது என்று பொருள். இயந்திரம் ஓடும்போது ஏறக்குறைய 13.8 முதல் 14.4 வரை காட்டவேண்டும். அப்படிக் காட்டாவிட்டால் குறை பற்றரியில் அல்ல, சார்ஜ் ஏற்றும் பகுதியில் இருக்கலாம். புதிய பற்றரி வாங்கிக் காசை வீணாக்குமுன் இதைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

மன்னார்க் கரையில் வாழ்வோருக்கு இரு எதிரிகள்: வெப்பமும் உப்புக்காற்றும். வெப்பம் பற்றரியின் ஆயுளைக் குறைக்கும். உப்புக்காற்று முனைகளை அரிக்கும். முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், முதலில் கறுப்புக் கம்பியையும் பிறகு சிவப்புக் கம்பியையும் கழற்றுங்கள். வெதுவெதுப்பான நீரில் அப்பச்சோடாவைக் கரைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்து, துடைத்து, உலரவிடுங்கள். சோடா நீர் பற்றரியின் உள்ளே போகாதபடி மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும். பூட்டும்போது சிவப்பு முதலில், கறுப்புக் கடைசியில். பிறகு சிறிது வாசலின் பூசுங்கள். கறுப்பை முதலில் கழற்றுவது ஏன்? சிவப்பைத் திருகும்போது ஸ்பானர் வண்டியின் இரும்பில் பட்டால் தீப்பொறி பறக்கும். கறுப்புத் துண்டிக்கப்பட்டிருந்தால் அந்த ஆபத்தில்லை. கையில் வளையல், மோதிரம், கைக்கடிகாரம் இருந்தால் கழற்றிவிட்டே தொடங்குங்கள். தங்க வளையல் முனையில் பட்டால் நொடியில் சிவந்து கையைப் பொசுக்கிவிடும்.

மூடி திறக்கக்கூடிய பற்றரியாயின் மாதம் ஒருமுறை நீர் மட்டத்தைப் பாருங்கள். ஈயத் தகடுகள் மூழ்கியிருக்க வேண்டும். குறைந்தால் காய்ச்சி வடித்த நீரை மட்டும் ஊற்றுங்கள். கிணற்று நீர் வேண்டாம். நம் கரையோரக் கிணறுகளின் உவர் தகடுகளைக் கெடுக்கும். அமிலத்தையும் ஊற்றாதீர்கள்.

சார்ஜ் ஏறும்போது பற்றரியிலிருந்து ஐதரசன் வாயு வெளிவரும். அது தீப்பொறி பட்டால் வெடிக்கும். ஆகவே பற்றரியை அடுப்படியிலோ பிள்ளைகள் தூங்கும் அறையிலோ வைத்துச் சார்ஜ் ஏற்றாதீர்கள். காற்றோட்டமான வெளியிடமே உகந்தது. இருட்டில் நீர்மட்டம் பார்க்க நெருப்புக்குச்சி கொளுத்துவது வெடிக்குத் திரி வைப்பது போன்றது. டோர்ச் பிடியுங்கள்.

அமிலம் தோலிலோ கண்ணிலோ பட்டால் தேய்க்காமல் ஓடும் நீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவி, கண்ணாயின் தாமதியாமல் வைத்தியசாலைக்குப் போங்கள்.

இன்னொரு வண்டியிலிருந்து உயிர் கொடுக்க

வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார். பிள்ளையைப் பாடசாலைக்கு ஏற்றப்போனால் வண்டி உறுமவில்லை. இந்த நிலை எத்தனை சகோதரிகளுக்கு! அடுத்த வீட்டு வண்டியிலிருந்து கம்பி கொடுக்கலாம், ஆனால் வரிசை முக்கியம். இரண்டு பற்றரியும் 12 வோல்ட்டாக இருக்கவேண்டும். இரு வண்டிகளும் ஒன்றோடொன்று தொடாமல், அணைந்த நிலையில் இருக்கட்டும். சிவப்புக் கம்பியை முதலில் சார்ஜ் இறங்கிய பற்றரியின் சிவப்பு முனையிலும், மறுநுனியை நல்ல பற்றரியின் சிவப்பு முனையிலும் மாட்டுங்கள். கறுப்புக் கம்பியை நல்ல பற்றரியின் கறுப்பு முனையில் மாட்டி, அதன் மறுநுனியை நின்றுபோன வண்டியின் இயந்திரத்தில், பற்றரிக்குச் சற்றுத் தூரத்தில், பூச்சில்லாத இரும்பில் பொருத்துங்கள். கடைசி இணைப்பில் பொறி பறந்தாலும் பற்றரிக்கு அருகே பறக்காது. அதற்காகத்தான் இந்த முறை. நல்ல வண்டியை ஓடவிட்டுச் சில நிமிடங்களின்பின் மற்றதை இயக்குங்கள். கழற்றும்போது வரிசை தலைகீழ். வெடித்த, வீங்கிய, ஒழுகும் பற்றரிக்கு இதைச் செய்யவே கூடாது.

நெடுநாள் நிற்கும் வண்டியின் பற்றரி தானாக வடிந்துவிடும். வடிந்த நிலையிலேயே கிடந்தால் தகடுகளில் உப்புப் படிந்து திரும்ப எழாது. வாரம் ஒருமுறை அரை மணித்தியாலமாவது ஓட்டுங்கள். அடைத்த கொட்டகைக்குள் இயந்திரத்தை ஓடவிடாதீர்கள். அந்தப் புகை ஆளைக் கொல்லும்.

பழைய பற்றரியை என்ன செய்வது?

நம் கரையோர ஊர்களில் வலைக்கு ஈயக்குண்டு வார்க்கவென்று பழைய பற்றரியை உடைத்து உருக்கும் எண்ணம் சிலருக்கு வரும். வேண்டவே வேண்டாம். அந்த ஈயத்தூசும் புகையும் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியையே பாதிக்கும். முற்றத்து மணலில் படிந்தால் கையோடு வாய்க்குள் போகும். முழுதாகவே புதிய பற்றரி விற்கும் கடையில் கொடுத்தால் விலையில் கழித்துத் தருவார்கள்.

வண்டியில் புகை கண்டால் முதலில் ஆட்களை இறக்கித் தூரமாக விலகுங்கள். சாமானை எடுக்கத் திரும்பாதீர்கள். தீ எரிவதாகத் தெரிந்தால் முன்மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே புகும் காற்று தீயை வளர்க்கும். ஒரு 10 எண் ஸ்பானரும், சிறிய பவுடர் தீயணைப்பானும் வண்டியில் இருக்கட்டும்.

பண்டைய மாந்தைத் துறைமுகத்தில், இன்றைய திருக்கேதீஸ்வரத்தின் அருகே, 1980களில் ஜோன் கார்ஸ்வெல் குழுவினர் அகழ்ந்தபோது பாரசீக வளைகுடாப் பக்கத்து மட்பாண்டங்களும் சீனத்துப் பாண்டங்களும் ஒரே மண்ணில் கிடைத்தன. எத்தனையோ நாட்டார் ஒருவரையொருவர் நம்பி வந்துபோன கரை அது. அதே கரையில், முன்பின் தெரியாத எங்களுக்காக நள்ளிரவில் ஸ்பானரோடு ஓடிவந்தார் ஒரு மனிதர். ஒவ்வொரு நோன்புப் பெருநாளைக்கும் அவர் வீட்டுக்கு வட்டிலப்பம் போகிறது. தைப்பொங்கலுக்கு அங்கிருந்து பொங்கல் வருகிறது.

சகோதரிகளே, அடுத்த பயணத்துக்குமுன் உங்கள் மகனையோ தம்பியையோ அழைத்து, பியூஸ் பெட்டியை ஒருதரம் திறந்து காட்டச் சொல்லுங்கள். எங்காவது வெள்ளித்தாள் பளபளத்தால், அந்த வண்டியில் ஏறாதீர்கள். அவசரம் என்று யார் சொன்னாலும், மௌலவியே சொன்னாலும், கேட்காதீர்கள்.

வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளையும் பயணங்களையும் பாதுகாப்பானாக. பெரியும்மாவின் கப்ரை ஒளியாக்குவானாக. ஆமீன்.